கம்பெனி செக்கப்பில் மிஸ்ஸி சொல்லும் அறிவுரை: பலன் உண்டா, வெறும் சடங்கா?

பாயான்லெப்பாஸ்காரன்:
எங்கள் தொழிற்சாலையில் போன வாரம் மெடிக்கல் செக்கப் நடந்தது. எடை, இடுப்பளவு, பிரஷர், விரலில் ஒரு குத்து. அதோடு விட்டார்களா? கடைசி மேசையில் ஒரு மிஸ்ஸி (தாதி) உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிடம் ‘வாழ்க்கைமுறை ஆலோசனை’ வேறு. எனக்குக் கிடைத்தது: சோற்றைக் குறைங்க, தே தாரிக்கை (பால், சீனி போட்ட டீ) விடுங்க, தினமும் நடங்க. இதை வீட்டில் ஓசியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு எங்கே நடப்பது? ராத்திரி கேன்டீனில் இருப்பது நாசி லெமாக்கும் மீ கோரெங்கும்தான். அறிவுரையை கேன்டீன் காண்ட்ராக்டருக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும். நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

பட்டர்வொர்த்_தாதி:
தம்பி, நானும் ஒரு தொழிற்சாலை கிளினிக்கில்தான் வேலை செய்கிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). அந்த 15.6இல் 9.7 பேருக்குத்தான் தெரியும், மீதி 5.9 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியாது. நம்மவர்களிடம் இது எவ்வளவு அதிகம் என்று உங்கள் குடும்பத்திலேயே எண்ணிப் பாருங்கள். தெரியாதவர்கள் முதன்முதலில் மாட்டுவது இப்படிக் கம்பெனி செக்கப்பில்தான். சர்க்கரைச் சோதனையில் ‘எச்பிஏ1சி 6.1’ என்று ஒரு தாளை மட்டும் நீட்டினால் என்ன செய்வீர்கள்? மடித்து லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போவீர்கள். இங்கே 5.7 முதல் எச்சரிக்கை, 6.3 முதல் இனிப்பு நீர், உங்களுக்கு இன்னும் திரும்பிவர வழி இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா?

கேஎல்_கணக்கன்:
சொல்லலாம், தப்பில்லை. சொன்னதால் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. ஜப்பானில் 2008 முதல் 40லிருந்து 74 வயதுவரை எல்லோருக்கும் பரிசோதனை. ஆணுக்கு இடுப்பு 85 செ.மீ.க்குக் குறையாமல் இருந்து, பிரஷர், சர்க்கரை போல இன்னொரு சிக்கலும் இருந்தால் தாதியோ சத்துணவு நிபுணரோ கூப்பிட்டு ஆலோசனை சொல்வார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்த ஆண்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020இல் வந்தது. ஒரு வருடம் கழித்து எடையில் வித்தியாசம் ஏறத்தாழ 0.29 கிலோ. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எதிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. முந்நூறு கிராம்கூட இல்லை ஐயா, ஒரு பெரிய கிளாஸ் தே தாரிக் குடித்தால் திரும்பி வந்துவிடும்!

பட்டர்வொர்த்_தாதி:
பாதியை விட்டுவிட்டீர்களே. அங்கே கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆலோசனைக்குப் போகவே இல்லை. வராதவருக்கு மருந்து எப்படி வேலை செய்யும்? நம் ஊர்க்காரர்களைப் போன்ற உடம்பில் செய்த ஆய்வையும் பாருங்கள். சென்னை மருத்துவர்கள் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. இனிப்பு நீரின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை தந்ததில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. 2013இல் இன்னொன்று, தென்னிந்தியாவில் அதே விளிம்பில் இருந்த, வேலை செய்யும் ஆண்களுக்கு ஆரம்பத்தில் ஒரு முறை ஆலோசனை சொல்லிவிட்டு, அப்புறம் கைப்பேசிக் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 36 விழுக்காடு குறைவு.

கேஎல்_கணக்கன்:
‘தொடர்ந்து’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. அமெரிக்காவின் பெயர்போன நீரிழிவுத் தடுப்பு ஆய்விலும் (2002, 58 விழுக்காடு குறைவு) ஆளுக்கு 16 தனி அமர்வுகள் வைத்தார்கள். இங்கே வருடத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஏமாற்றாதீர்கள் என்கிறேன்.

லைன்6_அக்கா:
ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக செக்கப்புக்குப் போனேன். ஷிஃப்டில் அதிகாலை நாலு மணிக்கு பீஹூன் சாப்பிட்டிருந்தேன். குத்திப் பார்த்தவர் ‘வெறும் வயிறு’ என்ற கட்டத்தில் எண்ணை எழுதி சிவப்பு வட்டம் போட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசி மேசை மிஸ்ஸிதான் “கடைசியா எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்க அக்கா?” என்று கேட்டார். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, அரசாங்க கிளினிக்கில் எச்பிஏ1சி எடுங்க, அதற்குப் பட்டினி தேவையில்லை, 1 வெள்ளிதான் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் தே தாரிக்கை விடச் சொல்லவில்லை. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒன்று குடிங்க, மற்றதெல்லாம் தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத டீ) என்றார். அது என்னால் முடிகிற காரியம். பாயான்லெப்பாஸ் தம்பிக்கு வாய்த்த மிஸ்ஸி சரியில்லை, அவ்வளவுதான்.

பாயான்லெப்பாஸ்காரன்:
அக்கா, உங்கள் மிஸ்ஸி கேள்வி கேட்டார். என்னுடையவர் அச்சடித்த தாளைப் படித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

எச்ஆர்_பக்கத்திலிருந்து:
கம்பெனிகள் சும்மா கண்துடைப்புக்குச் செய்கிறார்கள் என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 40 வயது தாண்டிய உறுப்பினர்களுக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 2013லேயே இலவசப் பரிசோதனையைத் தொடங்கியது. எங்கள் கம்பெனியில் அதற்குப் போனவர்கள் ரிசல்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் என் மேசைக்கே கொண்டுவந்தார்கள். நான் என்ன டாக்டரா? அதனால்தான் தாதி மேசைக்குக் காசு ஒதுக்கினோம்.

கேஎல்_கணக்கன்:
உங்கள் மேசைக்கு ரிசல்ட் வந்தது என்பதே எனக்கு உதைக்கிறது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் எடை கூடியவர்கள் பட்டியல் சூப்பர்வைசர் கைக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே ஒருவருக்கு ‘டிரம்’ என்று பெயர். அவர் பிறகு எந்த செக்கப்புக்கும் வரவில்லை. இந்தச் சூழ்நிலையில் எவன் தாதியிடம் குடியையும் சிகரெட்டையும் பற்றி உண்மை பேசுவான்?

பட்டர்வொர்த்_தாதி:
இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கம்பெனிக்குப் போக வேண்டியது மொத்தக் கணக்கு மட்டும்: இத்தனை பேருக்கு பிரஷர், இத்தனை பேருக்கு சர்க்கரை. பெயர் போட்ட பட்டியலைக் கேட்டால் நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி. ஆலோசனை மேசையையும் வரிசைக்கு நடுவில் போடக் கூடாது. பின்னால் நிற்பவர் காதில் விழுந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எச்ஆர்_பக்கத்திலிருந்து:
எங்களிடம் அவர்களாகவே கொண்டுவந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. சரி, தாதி அக்கா, நீங்களே சொல்லுங்கள், என்ன செய்தால் உருப்படும்?

பட்டர்வொர்த்_தாதி:
எல்லோருக்கும் பத்து நிமிடம் வேண்டாம். எண்கள் சரியாக இருப்பவருக்கு இரண்டு நிமிடம் போதும். விளிம்பில் இருப்பவருக்கு முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் மாதம் ஒரு முறை கால் மணி நேரம், மூன்று மாதத்தில் மறுபடி எச்பிஏ1சி. அது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. எல்லாம் வேலை நேரத்துக்குள். பிரேக்கில் கூப்பிட்டால் சாப்பிடாமல் வந்து உட்காருவார்கள், அதுவும் கெடுதல்.

கேஎல்_கணக்கன்:
இது வேறு விஷயம். மூன்று மாத எண்களை (பெயர் இல்லாமல்) நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தயாரா? ஒட்டினால் என் வாயை மூடிக்கொள்கிறேன்.

எச்ஆர்_பக்கத்திலிருந்து:
காசு பெரிய பிரச்சனை இல்லை. வேலை நேரத்தில் ஆளை லைனிலிருந்து எடுப்பதற்கு சூப்பர்வைசர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே, அங்கேதான் இடிக்கும்.

லைன்6_அக்கா:
எங்கள் சூப்பர்வைசருக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.