கொட்டேஷனில் சொல்லாத 18% ஜிஎஸ்டியை இப்போது கேட்கிறார், கொடுக்க வேண்டுமா? அவசரம்

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். வீட்டில் பாத்ரூம் வேலை முடிந்துவிட்டது. பேசியது 1,85,000. இப்போது கான்ட்ராக்டர் 2,18,300க்கு பில் நீட்டுகிறார். கேட்டால் ஜிஎஸ்டி தனியாம். நாளைக் காலை பணம் வாங்க வருகிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
கொட்டேஷன் பேப்பரில் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா? டைல்ஸ், பைப் எல்லாம் யார் வாங்கியது? பில்லில் ஜிஎஸ்டி நம்பர் உண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

உப்பளம்:
கொடுக்காதீர்கள் சார். தனி வீட்டுக்கு லேபர் வேலை என்றால் ஜிஎஸ்டியே கிடையாது. என் தம்பி வீடு கட்டும்போது ஒரு பைசா கட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த விலக்கு புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்கு, அதுவும் கூலி மட்டும் பேசியிருந்தால்தான். பழைய பாத்ரூமை இடித்துப் போடுவதற்கு இல்லை. பொருளும் அவருடையது என்றால் அது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், 18%. மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். வேலை தொடங்கும் முன்பே "வரி சேர்த்தா, சேர்க்காமலா" என்று ஒரு வார்த்தை கேட்க என்ன கஷ்டம்?

கெடிலக்கரை:
ஐயா, அவர் பதற்றத்தில் இருக்கிறார், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? பிஸ்கட் பாக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் கடைக்காரர் வரி கேட்பதில்லை. வீட்டு வேலைக்கும் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையைத்தான் சொல்ல வேண்டும்.

பைப்லைன்:
நான் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவன், ஜிஎஸ்டியில் பதிவு செய்திருக்கிறேன். வரி சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று நான் சொன்னால், பதிவே இல்லாத ஆள் ஒரு லட்சம் என்று சொல்லி வேலையை எடுத்துக்கொண்டு போகிறார். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தானே பதிவு கட்டாயம். அதனால்தான் பலர் முதலில் வரியைச் சொல்வதில்லை. நான் "வரி தனி" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உப்பளம்:
எழுதினால் போதுமா? கீழே பொடி எழுத்தில் இருந்தால் யார் பார்ப்பது? பேசாமல் டைல்ஸை நீங்களே புதுச்சேரியில் வாங்கியிருந்தால் வரி மிச்சம்.

பைப்லைன்:
அதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வரி போட்ட வாட் காலம் அண்ணா. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் டைல்ஸுக்கு ஒரே வரி. இன்றைக்கும் பெட்ரோல், டீசல், மது போன்றவற்றுக்குத்தான் அந்த வித்தியாசம்.

உப்பளம்:
கடைக்காரர் குறைத்துத் தருகிறாரே, போன வாரம்கூட வாங்கினேன்.

பைப்லைன்:
பில் போட்டாரா?

கெடிலக்கரை:
நீங்கள் இருவரும் தனி இழை போடுங்கள். மஞ்சக்குப்பம் சார், இருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பம்வாசி:
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்தது: "பொருள், கூலி எல்லாம் சேர்த்து 1,85,000". வரி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆள் புதுச்சேரி அரியாங்குப்பம். பில்லில் 34 என்று தொடங்கும் எண் இருக்கிறது. சிஜிஎஸ்டி (மத்திய வரி) 9%, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 9% என்று போட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: 34 புதுச்சேரி, உங்கள் வீடு இருக்கும் கடலூர் தமிழ்நாடு, அதற்கு 33. கட்டட வேலைக்கு வீடு இருக்கும் மாநிலம்தான் கணக்கு, ஆகவே ஒரு மாநிலத்து ஆள் இன்னொரு மாநிலத்தில் செய்யும் வேலைக்கான ஐஜிஎஸ்டி 18% என்று ஒரே வரியாக வர வேண்டும். முறையாகக் கணக்கு வைப்பவர் இப்படிப் பில் போடமாட்டார். ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைத் தட்டிப் பாருங்கள். பதிவு இல்லாதவர் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது, சட்டம் 32ஆம் பிரிவு. பதிவு சரியாக இருந்தாலும், "எல்லாம் சேர்த்து" என்று அவரே எழுதியதைக் காட்டிப் பேசுங்கள். 1,85,000க்குள் வேலை 1,56,780, வரி 28,220 என்று பிரித்து வேறு பில் கேளுங்கள்.

கெடிலக்கரை:
அதேதான். சண்டை வேண்டாம், வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டுங்கள். வேலை நன்றாகச் செய்திருந்தால் பேசிய பணத்தை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:
தளத்தில் பார்த்தேன், அந்தப் பதிவு ரத்து ஆகியிருக்கிறது. காலையில் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. 1,85,000 வாங்கிக்கொண்டு போனார். எல்லோருக்கும் நன்றி.

பைப்லைன்:
அந்தப் பழைய பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, கையில் இருக்கிறதா? வேறு யாரிடமும் அதே எண்ணைக் காட்டி வாங்கிவிடப் போகிறார்.