டிராஜென் பெட்ரோவிச்சை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

கூடைப்பந்து என்று பேச்செடுத்தாலே அமெரிக்க வீரர் மைக்கேல் ஜோர்டானில் தொடங்கி ஜோர்டானிலேயே முடித்துவிடுகிறோம். குரோவேஷியாவின் டிராஜென் பெட்ரோவிச்சைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், அவர் ஊருக்குப் போனவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் கப்பலில் இன்ஜினியர். பாஸ்பேட் சரக்கோடு ஒருமுறை ஷிபெனிக் துறைமுகத்தில் நின்றோம். அவர் 1964இல் பிறந்த ஊர் அதுதான். மாலையில் ஷோர் லீவ் கிடைத்தது. மற்றவர்கள் பழைய தேவாலயத்தைப் பார்க்கப் போனார்கள். நான் வழி கேட்டுக் கேட்டு பால்டெக்கின் பகுதிக்கு நடந்தேன். அவர் ஆடிய உள்ளரங்கம் அங்கேதான் இருக்கிறது. பந்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் டிராஜெனின் சிலையும் அங்கே உண்டு.

சிலைக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குக் குரோவேஷிய மொழி தெரியாது. "டிராஜென்?" என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆறு விரலைக் காட்டினார், கண்ணைக் கசக்கிக் காட்டினார், பிறகு மணிக்கட்டை மடக்கிப் பந்து வீசுகிற மாதிரி செய்தார். ஒருமுறை அல்ல, பத்து முறையாவது இருக்கும். புரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகுமுன் விடியற்காலையில் வந்து தினமும் 500 வீச்சு பழகிய பையனைத்தான் சொல்கிறார்.

அப்புறம் என் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கி '83–82' என்று எழுதினார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். சட்டென்று முகம் இறுகியது. எழுதியதன் மேலேயே தாள் கிழியும்படி ஒரு கோடு அடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதற்குக் கீழே, முன்னைவிடப் பெரிதாக, மறுபடியும் '83–82' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கப்பலுக்குத் திரும்பித் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. 1983இல் யுகோஸ்லாவிய சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம், டிராஜெனின் ஷிபெனிக் ஊர் அணியான ஷிபென்காவும் சரயேவோவின் போஸ்னா அணியும். நேரம் முடிந்த நிலையில் ஷிபென்காவுக்குச் சாதகமாக ஃபவுல் கொடுக்கப்பட்டது. ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, 18 வயது டிராஜென் தனியாக நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்க முடியாத, ஆளுக்கொரு புள்ளி தரும் வீச்சு) போட்டார். ஊரே கொண்டாடியது. மறுநாள் நடுவரின் தீர்ப்பு தவறு என்று சொல்லிச் சம்மேளனம் அந்த முடிவை ரத்து செய்தது. நோவி ஸாத் நகரில் மறு ஆட்டம் வைத்தார்கள், ஷிபென்கா போகவில்லை, பட்டம் போஸ்னாவுக்குப் போனது. அந்தத் தாள் இன்னும் என் கேபினில்தான் இருக்கிறது.

அதன்பின் ஸாக்ரெபின் சிபோனா அணிக்காக 1985, 1986 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வென்றார். ஒரே ஆட்டத்தில் 112 புள்ளி எடுத்ததையே எல்லாரும் சொல்வார்கள். எதிரணி அன்று இளையோரைத்தான் இறக்கியது, அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. 1989இல் ரியல் மாட்ரிட்டுக்காக இத்தாலியின் கசெர்த்தாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் எடுத்த 62 புள்ளிதான் பெரிது என்பேன்.

* * *

தம்பி, உங்கள் பெரியவரின் தாள் என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

1992இல் நான் ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. பக்கத்து அறையில் போரால் இடம்பெயர்ந்த ஒரு குரோவேஷியக் குடும்பம். பார்சிலோனா ஒலிம்பிக் இறுதிப் போட்டி இரவு. விடுதியில் ஒரே ரிவி, அதுவும் பொது அறையில். எனக்குக் கூடைப்பந்து ஒன்றும் தெரியாது. அந்த வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இருத்தினார்.

சொந்தக் கொடியோடு அவர்கள் ஆடிய முதல் கோடைக்கால ஒலிம்பிக். எதிரே ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருந்த அமெரிக்க அணி. முதல் பாதியில் ஒரு கட்டத்தில் குரோவேஷியா 25–23 என்று முன்னால் நின்றது. அந்த மனிதர் கதிரையில் இருக்கவில்லை, எழும்பிவிட்டார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முடிவு 117–85, தோல்விதான். ஆனால் டிராஜென் 24 புள்ளி எடுத்தார், யாருக்கும் பயப்படாமல் ஆடினார். வெள்ளிப் பதக்கம் கழுத்தில் விழுந்தபோது அந்தக் குடும்பம் தங்கம் வென்றமாதிரி அழுதது. நாடு இழந்தவனுக்கு அந்த அழுகை தெரியும். நானும் அழுதேன்.

அடுத்த வருடம் ஜூன் 7. போலந்தில் தகுதிச் சுற்று ஆடிவிட்டு வந்த அணி பிராங்பேர்ட்டில் இருந்து விமானத்தில் ஸாக்ரெப் போனது. அவர் மட்டும் காரில் புறப்பட்டார். மழை. டென்கென்டோர்ஃப் அருகே ஒரு லொறி தடுப்பைத் தாண்டி வீதியை மறித்து நின்றது. கார் ஓட்டியது அவர் அல்ல, முன் சீற்றில் நித்திரை, பெல்ற் போட்டிருக்கவில்லை. வயது 28. அந்த வீட்டுக்காரர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை.

பிறகு வேலைக்காக, விபத்து நடந்த அந்த ஜேர்மன் ஏ9 வீதியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மழை பெய்தால் அந்த இடத்தில் கால் தானாக வேகத்தைக் குறைக்கும்.

* * *

நான் கல்லூரி அணியில் ஆடியவள். காயம் எதுவும் இல்லாமலே ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்போது டிராஜென் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அணியில் இருந்த காலத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். ஐரோப்பாவே கொண்டாடிய ஆள், அங்கே இரண்டாம் சீசனில் ஆட்டத்துக்கு ஏழு நிமிடம்தான் களத்தில். 1991 ஜனவரியில் நியூஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாறினார். 1992–93இல் ஆட்டத்துக்குச் சராசரி 22.3 புள்ளி, மூன்று புள்ளி வீச்சில் ஏறக்குறைய 45 சதவீதம். பெஞ்சில் இருந்தபோதும் பயிற்சியை விடாததால்தான் இது முடிந்தது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் டெக்கில் நின்றிருந்தேன். நன்றி. தங்கச்சி, உனக்கும்.

ஸாக்ரெப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: சிபோனா அரங்கத்தை ஒட்டி அவர் பெயரிலேயே ஒரு சதுக்கமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கல்லறை மிரோகோய் இடுகாட்டில். போகும்போது ஒரு பூ வாங்கிக்கொண்டு போங்கள்.