புதுப்பிப்பு: தாழ்த்திய ஏ.இ.86-க்கு ஸ்பேசர் போட்டாச்சு

50 மி.மீ. உயரம் தாழ்த்திய என் டொயோட்டா ஏ.இ.86 கார், மேடு பள்ளத்தில் தானாகவே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ரோல் சென்டர் ஸ்பேசர் (தாழ்த்தியதால் மாறிய சஸ்பென்ஷன் கோணத்தைச் சரிசெய்ய இடையில் வைக்கும் உலோகத் துண்டு) போதுமா, டை ராட் எண்டும் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை) மாற்ற வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

ஸ்பேசர் மட்டும்தான் போட்டேன், 25 மி.மீ., நீளமான போல்ட்டுகளோடு. இந்த வண்டியில் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்ம், ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் உள்ள சஸ்பென்ஷன் தூண்) அடியில் தனியாக முடுக்கப்பட்டிருக்கும். பால் ஜாயின்ட் (கீழே உள்ள லோயர் ஆர்மை இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் முனை இரண்டும் இணைவது அந்த ஸ்டீயரிங் ஆர்மில்தான். அதனால் ஸ்பேசர் வைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். டை ராடை மட்டும் இறக்கியிருந்தால் லோயர் ஆர்மின் கோணத்தோடு ஒத்துப்போயிருக்காது.

ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஏற்றி இறக்கி டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அளந்தோம். ஏறி இறங்கும்போது டோ மாறுவது நன்றாகவே குறைந்திருக்கிறது, மனசுக்கு நிம்மதி. நீங்களும் ஸ்பேசர் போடுவதானால், சின்ன ரிம் என்றால் இறங்கிய பாகங்கள் ரிம்மின் உள்ளே இடிக்குமா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.