1,500 ரூபாய்க்குள் ஹெட்போன்: ரயிலில் கேட்கவும் ஆன்லைன் வகுப்புக்கும் எது சரி?

தாம்பரம்வண்டி (கேள்வி)

வணக்கம். தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் போக வர தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. பாட்டும் கச்சேரியும் கேட்பேன். ராத்திரி ஆன்லைன் வகுப்பு இருப்பதால் மைக்கும் தேவை. ஆண்ட்ராய்டு போன், 3.5 மிமீ ஓட்டை கிடையாது, டைப்-சி மட்டும்தான். கண்ணாடி போடுகிறேன். கையில் இருப்பது 1,500 ரூபாய். இதுவரை வாங்கிய இயர்போன் எல்லாமே போனில் செருகும் பின் அருகில் வயர் அறுந்து ஒரு காது போய்விடுகிறது. ப்ளூடூத் நெக்பேண்ட் வாங்கலாமா, வயர் வைத்ததா? காதுக்கு மேல் வைக்கும் ஹெட்போனா, உள்ளே போகும் இயர்போனா?

செவிப்பறை

தம்பி, நீங்கள் கேட்கும் இடம் ரயில் என்பதாலேயே பாதி முடிவு ஆகிவிட்டது. சக்கரச் சத்தமும் ஃபேன் சத்தமும் இருக்கும் பெட்டியில் வெளிச்சத்தத்தை அடைக்காத எந்த ஹெட்போனும் வால்யூமைக் கூட்டச் சொல்லும். காஸ் போர்ட்டா ப்ரோ என்ற ஹெட்போன் 1984 முதல் விற்கிறது, அதன் தம்பி மாதிரியான கேஎஸ்சி75-உம் வீட்டில் உட்கார்ந்து கேட்க அருமை. ஆனால் இரண்டும் திறந்த அமைப்பு, ரயில் முழுக்க உள்ளே வரும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உங்களுக்கு வாரத்தில் 12 மணி நேரம் ரயிலிலேயே போகிறது. ரப்பர் டிப் காதை நன்றாக அடைத்தால் குறைந்த வால்யூமே போதும். அதனால் காதுக்குள் போகும் வயர் இயர்போன்தான் என் முடிவு.

இந்த விலையில் நெக்பேண்டை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், வகுப்பில் மைக்கைத் திறந்ததும் ப்ளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி) ஆகி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்குக்கு (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) இறங்கிவிடும். “பாட்டு நல்லா இருக்கு, மீட்டிங்கில் மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து வருது” என்று பலர் சொல்வது இதைத்தான், பழுது இல்லை. இது போக, பேட்டரி தேய்ந்தால் பொருளே போச்சு. 1,500 ரூபாயில் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போன மிச்சத்தில்தான் ஸ்பீக்கர் செய்கிறார்கள். வயரில் அந்தப் பணம் முழுக்க ஒலிக்குப் போகும்.

பெட்டியில் போட்டிருக்கும் “14.2 மிமீ டிரைவர்”, “எக்ஸ்ட்ரா பாஸ்” எதையும் நம்பி வாங்காதீர்கள். டிரைவரின் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) அகலம் ஒலித்தரத்தைச் சொல்லாது. பார்க்க வேண்டியவை இம்பீடன்ஸ் எனும் மின்தடை அளவு (16 முதல் 32 ஓம் வரை போனுக்குச் சுகம்), பின் L வடிவமா, வயரைக் கழற்ற முடியுமா, மைக் உண்டா.

கண்ணாடிக்காரி

காதின் மேல் உட்காரும் வகையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110 எடை குறைவு, மடங்கும், 30 மிமீ டிரைவர், விலையும் உங்கள் பட்ஜெட்டில் அடங்கும். மைக் வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் ‘ஏபி’ இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 24 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் சத்தம் என்று குறிப்பு சொல்கிறது. கணக்குப் போட்டால் அந்த 1 மில்லிவாட்டுக்கு சுமார் 0.155 வோல்ட் போதும், எந்தப் போனும் இதைத் தரும்.

ஆனால் கண்ணாடிக் கம்பி காதுக்கும் பஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் காது மடலின் மேல்விளிம்பு வலிக்கும், கம்பி தூக்கிய இடத்தில் இடைவெளி விழுந்து பாஸும் கசியும். கம்பி மெல்லியதாக இருந்தால் சமாளிக்கலாம், தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம் என்றால் வேண்டாம். வீட்டில் வகுப்புக்கு மட்டும் என்றால் நான் இதையே சொல்லியிருப்பேன்.

செவிப்பறை

அக்கா சொன்னது சரி. அப்படியானால் மாடல்களுக்கு வருவோம். மூன்டிராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டும் குரல் இயல்பாக வரும், 0.78 மிமீ இரட்டைப் பின் வயர், கழற்றலாம். (பழைய சூவில் வயர் ஒட்டியே வரும், உங்களுக்கு அது ஆகாது.) டைப்-சி கன்வர்ட்டரையும் (3.5 மிமீ பின்னை டைப்-சி ஓட்டையில் மாட்ட உதவும் துண்டு) சேர்த்தால் இவை 1,500-ஐத் தாண்டக்கூடும், தள்ளுபடி நாளில் பாருங்கள். கண்டிப்பாக அடங்க வேண்டுமென்றால் கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ. பாஸும் மேல் ஸ்தாயியும் தூக்கலாக இருக்கும், ‘ச’, ‘ஷ’ கொஞ்சம் குத்தும், ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தால் அடங்கும். எதை வாங்கினாலும் மைக் வைத்த வயரா என்று கேட்டு வாங்குங்கள், ஒரே பெட்டி இரண்டு விதமாகவும் வரும்.

கேஇசட் வயர், பின்னைச் சுற்றி மூடி வைத்த வகை, மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. தட்டையான இரட்டைப் பின்னை ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகச் செருகினால் ஒலி வரும், ஆனால் பாடகர் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே பரவி, பாஸ் காணாமல் போகும். அப்படி இருந்தால் ஒரு காதுப் பின்னைத் திருப்பிப் போடுங்கள்.

ஈயப்பற்று

எல்லாரும் இயர்போனைப் பேசுகிறீர்கள், டைப்-சி கன்வர்ட்டரை விட்டுவிட்டீர்கள். பலருக்குக் காசு வீணாவது அங்கேதான்.

கன்வர்ட்டரில் இரண்டு ஜாதி. ஒன்றில் வெறும் கம்பிதான், போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாகத் தந்தால்தான் பேசும். இன்னொன்றில் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டாக் சிப் உள்ளே இருக்கும். சாம்சங் நோட் 10-க்குப் பிந்தைய உயர்விலைப் போன்களில் வெறும் கம்பி வகை வேலை செய்யாது. டாக் சிப் உள்ளதையே வாங்குங்கள். கடையில் சரிபார்க்க ஒரு வழி: டைப்-சி உள்ள லேப்டாப்பில் இயர்போனை மாட்டிய கன்வர்ட்டரைச் செருகுங்கள். ஒலிச் சாதனங்களின் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வந்தால் சிப் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் வெறும் கம்பி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் உங்கள் போனிலேயே செருகிப் பாட்டு ஓடவிட்டு, மைக்கில் பேசிப் பதிந்து கேட்ட பிறகு காசு கொடுங்கள்.

ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி (போனில் வெளிச் சாதனம் செருக விடும் வசதி) ஆன் செய்ய வேண்டியிருக்கும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்துவிடும். கன்வர்ட்டர் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடும் முன் அதைப் பாருங்கள். ஆப்பிள் கன்வர்ட்டர் நல்ல சரக்கு, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் பாதிதான் ஏறும்.

வயர் அறுவது பற்றி: பின்னின் ரப்பர் கழுத்து முடியும் இடத்தில்தான் செம்பு இழை முறிகிறது. போனைச் சுற்றி வயரைச் சுருட்டுவதும், பையில் பின் செருகியபடியே போடுவதும் காரணம். நாலு விரல் அகலத்தில் தளர்வாக வளையம் போட்டு சின்ன டப்பாவில் வையுங்கள். கன்வர்ட்டரை இயர்போன் பின்னிலிருந்து கழற்றாமலேயே வைத்தால் அது மட்டும்தான் தேயும், போனின் ஓட்டை தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். போனைச் சட்டைப் பையில் டைப்-சி மேலே இருக்கும்படி வைத்தால் இரண்டும் தப்பிக்கும்.

தாம்பரம்வண்டி

மிக்க நன்றி அண்ணா, அக்கா. இடிஎக்ஸ் ப்ரோ மைக் வைத்ததும், சிப் உள்ள கன்வர்ட்டரும் வாங்கினேன், பட்ஜெட்டுக்குள் முடிந்தது. இரண்டு சிக்கல். ஒன்று, பாஸே இல்லை, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லை, வலந்தலை மட்டும் கேட்கிறது. இரண்டு, பாடகர் குரல் கிணற்றுக்குள் இருப்பது போல மங்குகிறது, வயலினும் தம்புராவும் மட்டும் தெளிவு. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் பளிச்சென்று வருகிறது! இயர்போன் பழுதா?

ஈயப்பற்று

பட்டனை அழுத்திப் பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை. இது கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பிப் போகும் பொது வழி) கோளாறு.

உங்கள் பின்னில் மூன்று கருப்பு வளையம், நான்கு உலோகத் துண்டு. நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடி மைக். மூன்றாவது துண்டு சரியாகத் தொடாவிட்டால் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல் இரண்டு காதும் தொடராக இணைந்துவிடும். அப்போது கேட்பது இடது கழித்தல் வலது. பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்திருப்பதால் கழிந்து போகிறது, ஒரு ஓரமாகப் பதிந்த வாத்தியம் மிஞ்சுகிறது. பட்டன், மைக்கையும் கிரவுண்டையும் சேர்க்கிறது. அதனால் அழுத்தியதும் வழி திறக்கிறது. அழுத்தியும் குரல் வராமல் இருந்தால்தான் வயருக்குள் கிரவுண்ட் அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது கன்வர்ட்டரில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறிய பழைய வரிசை இருக்கிறது. முதலில் கன்வர்ட்டரை விரலில் இறுக்கிப் பிடித்து, பின்னைச் சுழற்றாமல் நேராக அழுத்துங்கள். புதுக் கன்வர்ட்டரில் முதல் தடுப்பிலேயே முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். சரியாகாவிட்டால் வேறு மைக் இயர்போனைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இப்படியே என்றால் கன்வர்ட்டரை மாற்றுங்கள்.

செவிப்பறை

கிரவுண்ட் சரியானதும் பாஸும் பாதி திரும்பும், தொப்பியின் ஒலியும் பெரும்பாலும் நடுவில்தான் பதிந்திருக்கும். மீதி டிப்பின் வேலை. எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, இயர்போனைச் செருகி, மடலை விடுங்கள். வெளிச்சத்தம் சட்டென்று அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் பெரிய டிப். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்ற கட்டாயம் இல்லை, வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரிது என்பது சாதாரணம். சரிபார்க்க 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு இயர்போனை லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் அதிர்வு கூடினால் காற்று கசிகிறது.

தாம்பரம்வண்டி

நேராக அழுத்தினேன், இன்னொரு “டக்” கேட்டது, குரல் நடுவுக்கு வந்துவிட்டது. இடது காதுக்குப் பெரிய டிப் போட்டதும் தொப்பி கேட்கிறது. ரயிலில் முன்பு 12 கட்டம் வைத்த இடத்தில் இப்போது 7 போதுமாக இருக்கிறது.

கண்ணாடிக்காரி

மகிழ்ச்சி. இவ்வளவு அடைக்கும் இயர்போனோடு தண்டவாளமோ ரோடோ கடக்காதீர்கள், இறங்கும் முன்பே இரண்டையும் கழற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை டிப்பை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வலையை உலர்ந்த பிரஷால், வலை தரையைப் பார்த்தபடி பிடித்துத் துடையுங்கள். மேல் நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழுந்து அந்தக் காது மெல்ல மங்கும்.