பெரிய இகுவானா வளர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் எங்கள் வீட்டில் ஓர் ஆண் பச்சை இகுவானா (ஓணான் போன்ற பெரிய பல்லியினம்) வளர்கிறான். வாலோடு சேர்த்து ஐந்தடி இருப்பான். வெளிநாட்டு வளர்ப்பு விலங்குகளைப் பதிவு செய்யும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயிற்று, அதில் பிரச்சினை இல்லை.

கொஞ்ச நாளாக முன்னங்கால்கள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. தாடைத்தோலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறான். கிட்டே போனால் வாலால் சுளீரென்று ஓர் அடி! இணை தேடும் பருவம் போலிருக்கிறது. இந்தச் சமயத்தில் கூண்டை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

இன்னொன்று, இடம். மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை ஆற்றோர மரங்களில் உயரத்தில் வாழும் இனம் இது. ஆபத்து என்றால் கிளையிலிருந்து நேரே தண்ணீரில் குதித்துவிடும். அதனால் உயரம் வேண்டுமென்று பால்கனிக்கே வலையடிக்க நினைக்கிறேன். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் எலும்புக்கு வேண்டிய புறஊதாக் கதிர் கிடைக்காது. பால்கனியில் நேரடியாகக் கிடைக்கும். ஆனால் மே மாத வெயில்? பாதி நிழல் போதுமா, தண்ணீரும் தெளிக்க வேண்டுமா?

சாப்பாடு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ. கடைக்காரர் புழு கொடுக்கச் சொன்னார். இலை தின்னும் பிராணிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அப்புறம், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் சென்னையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.