மேல் ஜாக்கி வீல் ஆடுனா ஆர்டி செத்துப்போச்சா?

பழைய இரும்பு:
நேத்து டயர்மண் தம்பி போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து வயிறு எரியுது. மலைச் சைக்கிள்ல (எம்டிபி) செயினைப் பின் கியருக்குக் கியர் தள்ளற ரியர் டீரெய்லர் (ஆர்டி) பத்தின பதிவு. அதுல மேலயும் கீழயும் இருக்கற ரெண்டு சின்னப் பல்சக்கரம்தான் ஜாக்கி வீல். "எம்டிபி-ல ரியர் டீரெய்லர் 4,000 கி.மீ. தான் தாங்கும். மேல் ஜாக்கி வீலைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல ஆடுனா ஆர்டி செத்துப்போச்சு, யோசிக்காம மாத்திடுங்க." இதுக்குக் கீழ "நன்றி ப்ரோ, மாத்திட்டேன் ப்ரோ"ன்னு வரிசை கட்டி நிக்கறாங்க.

தம்பி, ஷிமானோ கம்பெனிக்காரன் மேல் வீலை ஆடணும்னுதான் செஞ்சிருக்கான். அதுக்குப் பேரே சென்டரான். கேபிள் மயிரிழை தப்பி நின்னாலும் வீல் தானா நகந்து பின் பல்சக்கரத்துக்கு நேரா போய் உக்காரும். கீழ் வீலுக்கு அந்த வேலை இல்ல, அதனால அது ஆடாது. என் 9 ஸ்பீடு ஆர்டி கோத்தகிரி எஸ்டேட் பாதையில பன்னண்டு வருஷமா ஓடுது. மேல் வீல் முதல் நாளும் ஆடுச்சு, இன்னைக்குக் காலையிலயும் ஆடுச்சு.

டயர்மண்:
அண்ணே, உங்க 9 ஸ்பீடு புராணம் ஊருக்கே தெரியும். நான் சொன்னது 12 ஸ்பீடு. 9-ல, அதாவது பின்னால 9 பல்சக்கரம் இருந்தா, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 4.35 மி.மீ. 10-லயே அது 3.95 ஆயிடுச்சு. 12-ல இன்னும் நெருக்கம். உங்க வண்டிக்கு உறைக்காத ஆட்டம் என் வண்டியில கியரைத் தாவ வைக்கும். 4,000 கி.மீ.ல எனக்குத் தாவுச்சு. கடையில காட்டினேன், மேல் வீலை ஆட்டிக் காட்டி "முடிஞ்சுது"ன்னாங்க. புதுசு போட்டதும் வெண்ணெய் மாதிரி விழுது. அனுபவத்துல சொல்றேன், ஏட்டுச் சுரைக்காய் இல்ல.

பழைய இரும்பு:
புதுசு போட்டா வெண்ணெய் மாதிரிதான் விழும். கூடவே புதுக் கேபிள் போட்டாங்களா, இல்லையா? ஆர்டி-யை ஃபிரேமுல மாட்டற ஹேங்கரை நிமிர்த்தினாங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல. புதுசா போட்ட ஆர்டி-ல மேல் வீலை ஆட்டிப் பாத்தீங்களா? பாருங்க. ஆடும். அதையும் தூக்கிப் போட்டுடுங்க.

ஒத்தக்கியர்:
என் வண்டியில மேல் வீலும் இல்ல, கீழ் வீலும் இல்ல. நிம்மதியாத் தூங்கறேன்.

குன்னூர் மூடுபனி:
ரெண்டு பேரும் வெயில்ல ஓட்டறவங்க மாதிரி பேசறீங்க. ஐப்பசி மழையில எங்க செம்மண்ணுல ரெண்டு மாசம் ஓட்டிட்டு வந்து பேசுங்க. போன வருஷம் என் ஆர்டி-யோட க்ளட்ச் (செயின் துள்ளாம இறுக்கிப் பிடிக்கறது) மூடியைக் கழட்டினேன். உள்ள கிரீஸே இல்ல. செங்கல் பொடியைக் குழைச்ச மாதிரி ஒரு களிம்பு, ஓரத்துல துரு. ஆன்-ஆஃப் லீவரை ஒரு விரலால தள்ளுனா நகரவே இல்ல. ஒரு வழி ரோலர் இறுகி, ரெண்டு ஜாக்கி வீலையும் தாங்கற கேஜ் முன்னால வரவே அடம் பிடிச்சுது. துடைச்சு, கிரீஸ் வச்சு, உராய்வுத் திருகைச் சரி பண்ணதும் திரும்ப உயிர் வந்துது. முதல்ல சாகறது க்ளட்ச்தான், ஜாக்கி வீல் இல்ல.

பழைய இரும்பு:
மூடுபனி, நல்ல விஷயம். ஆனா இங்க கேள்வி மேல் வீல். மேல் வீல் ஆடுறது தேய்மானமா, வடிவமைப்பா? அதுக்கு மட்டும் டயர்மண் பதில் சொல்லட்டும்.

புதுசா வந்தவன்:
வணக்கம். ஒரு சந்தேகம். தேய்மானம்னு நீங்க எதைச் சொல்றீங்க? பல் தேயறதா, நடு புஷ் தேயறதா, இல்ல ஆர்டி-யோட மூட்டுல ஆட்டம் வர்றதா? மூணும் வேற வேற மாதிரி தெரியுதே.

டயர்மண்:
அண்ணே, வடிவமைப்புல வச்ச ஆட்டம் ஒரு அளவு. தேய்ஞ்சு வந்த ஆட்டம் அதுக்கு மேல. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எங்கயும் சொல்லல.

பழைய இரும்பு:
"ஆடுனா ஆர்டி செத்துப்போச்சு." இது உங்க வரி. எழுத்துக்கு எழுத்து. எடுத்துப் பாருங்க.

ஸ்பேனர்கை:
கடையை இழுத்ததால வர்றேன். பதினேழு வருஷமா இதே வேலை. ஆர்டி நிஜமாவே தேயற இடம் அதோட உடம்புல இருக்கற நாலு மூட்டு ஊசியும், ஹேங்கர்ல மாட்டற போல்ட் பக்கத்து மூட்டும், கேஜ் சுத்துற மூட்டும். கேஜோட அடி நுனியைப் பிடிச்சு உள்ளயும் வெளியயும் தள்ளிப் பாருங்க. எந்த மூட்டு பிந்தி வருதோ அதுதான் போனது. ஜாக்கி வீல் செருப்பு மாதிரி, தேய்ஞ்சா மாத்திக்கலாம். செருப்பு தேய்ஞ்சதுக்குக் காலை வெட்ட மாட்டோம். கியர் தாவுதுன்னு எங்கிட்ட வர்ற வண்டியில பாதிக்கு மேல ஹேங்கர்தான் வளைஞ்சிருக்கும். பார்வைக்குத் தெரியாது, ஹேங்கர் அளக்கற கருவியை வச்சு ரிம்மைச் சுத்திப் பாத்தாத்தான் தெரியும். எல்லாக் கடையும் ஏமாத்துதுங்கற மாதிரிப் பேசாதீங்க.

பழைய இரும்பு:
கடையை நான் எங்க இழுத்தேன்? டயர்மண்தான் "கடையில சொன்னாங்க"ன்னாரு. நீங்க சொன்னதும் என் கட்சிதானே, மேல் வீல் ஆடுனா ஆர்டி சாகல!

ஸ்பேனர்கை:
உங்க கட்சி இல்ல. உங்க பன்னண்டு வருஷ வண்டியை நான் பாத்திருக்கேன். மேல் வீல் பல்லு கருவேல முள்ளு மாதிரி கூரா நிக்குது. அதை "வடிவமைப்பு"ன்னா கம்பெனிக்காரன் அழுவான்.

டயர்மண்:
ஹாஹாஹா. முள்ளு. அண்ணே?

பழைய இரும்பு:
அந்த வீல் போன தீபாவளிக்கே மாத்தியாச்சு. ஸ்பேனர்கை பாத்தது அதுக்கு முன்னால. அதுவும் நான் கேபிள் மட்டும் மாத்தச் சொன்னதுக்கு, முழு ஓவர்ஹாலுக்கும் சேர்த்துப் பில் போட்ட அன்னைக்கு.

ஸ்பேனர்கை:
அந்தப் பில்லுல பாதிதான் குடுத்தீங்க. பொதுவுல பேச வேண்டாம்னு பாத்தேன்.

ஒத்தக்கியர்:
பாப்கார்ன் எடுத்துட்டு வர்றேன். எனக்குச் செயின் ஒண்ணுதான் தேயுது.

குன்னூர் மூடுபனி:
ஷிமானோவே லிங்க் கிளைடுன்னு ஒரு கியர் செட்டை 2021-ல விட்டானே, மூணு மடங்கு உழைக்கும்னு. அப்ப முன்னால இருந்தது சீக்கிரம் போகும்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

பழைய இரும்பு:
மூடுபனி! அந்த மூணு மடங்கு காசெட்டுக்கு, அதாவது பின் பல்சக்கர அடுக்குக்குச் சொன்னது. ஆர்டி-க்கு இல்ல. இதைத்தான் சொல்றேன், ஒருத்தரும் முழுசாப் படிக்கறதில்ல.

டயர்மண்:
சரி, ஷிமானோவுக்குப் போட்டிக் கம்பெனி ஸ்ராமை எடுத்துக்கலாம். அவனோட ஈகிள் ஆர்டி-ல ஜாக்கி வீல் பேரிங்ல ஓடுது, இந்த மிதப்பு வைக்கல. அங்க மேல் வீல் ஆடுனா அது பேரிங் போனதுதான். அப்ப என் வரி அங்க சரிதானே?

பழைய இரும்பு:
நீங்க வச்சிருக்கறது டியோர். ஷிமானோ. வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு பக்கத்து வீட்டுப் பட்டாவைக் காட்டறீங்க. அப்படியே வச்சாலும், பேரிங் போச்சுன்னா பேரிங்கை மாத்துங்க. ஆர்டி-யை ஏன் மாத்தணும்? மூணாவது தடவையாக் கேக்கறேன், புது ஆர்டி-யோட மேல் வீலை ஆட்டிப் பாத்தீங்களா?

குன்னூர் மூடுபனி:
ஸ்ராம் பேச்சு வந்ததால சொல்றேன். 2019-ல பல கம்பெனி ஃபிரேமுக்கும் பொதுவா யூடிஎச் ஹேங்கர், 2023-ல ஹேங்கரே இல்லாம ஃபிரேமுல நேரா மாட்டற டிரான்ஸ்மிஷன். ஆர்டி மேல ஆள் ஏறி நின்னு காட்டினாங்க. அதுல கேஜ், அடியில உரசுற தகடு எல்லாம் தனித்தனியா மாத்தலாம். பாறையில அடிபட்டு ஆர்டி போறதுதான் மலையில நடக்கற சாவு. தேய்ஞ்சு செத்த ஆர்டி-யை நான் பாத்ததே இல்ல.

ஸ்பேனர்கை:
நான் பாத்திருக்கேன். பெட்டி நிறைய இருக்கு.

ஒத்தக்கியர்:
அந்தப் பெட்டியில இருந்துதான் போன மாசம் ஒருத்தருக்கு "நல்ல கண்டிஷன்"னு ஒண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டேன்.

ஸ்பேனர்கை:
யாரு சொன்னது? பேரைச் சொல்லுங்க. எங்கிட்ட ரசீது இருக்கு.

புதுசா வந்தவன்:
என்னோடது ஷிமானோ ஆல்டஸ். மேல் வீல் கொஞ்சம் ஆடுது, கீழ் வீல் ஆடல, கியர் நல்லாவே விழுது. நான் என்ன பண்ணட்டும்?

பழைய இரும்பு:
பாத்தீங்களா? இந்தப் பையனும் டயர்மண் பதிவைப் படிச்சுட்டுத்தான் பயந்து போயிருக்கான். இதுக்காகத்தான் நான் கத்தறேன்.

டயர்மண்:
அவர் உங்களைப் படிச்சுட்டு முள்ளு வீலோட பன்னண்டு வருஷம் ஓட்டப் போறாரு. அது பரவாயில்லையா? செயினை அளக்காம ஓட்டுவாரு, அப்புறம் காசெட்டும் போகும். 11, 12 ஸ்பீடுல செயின் 0.5 சதவீதம் நீண்டாலே மாத்தணும். நீங்க கடைசியா எப்ப அளந்தீங்க?

பழைய இரும்பு:
செயினுக்குத் தாவியாச்சு. சரி. நாளைக்கு டயருக்குத் தாவுவாரு. மேல் வீலுக்கு மட்டும் பதில் வராது.

குன்னூர் மூடுபனி:
அளந்தீங்களான்னுதான் அண்ணே கேக்கறாரு.

பழைய இரும்பு:
என் செயினை என் கண்ணே அளக்கும்.

ஸ்பேனர்கை:
அதான் தெரியுதே.

பழைய இரும்பு:
டயர்மண், கடைசியா ஒண்ணே ஒண்ணு. கழட்டின பழைய ஆர்டி எங்க? ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. எல்லார் முன்னாலயும் கேஜைப் பிடிச்சுத் தள்ளிப் பாப்போம். மூட்டு எங்கயாவது பிந்தி வந்தா நான் இந்தப் பக்கமே வரல.

டயர்மண்:
கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். எக்ஸ்சேஞ்ச்ல கொஞ்சம் கழிச்சாங்க.

பழைய இரும்பு:
செத்துப்போனதுக்கு எக்ஸ்சேஞ்சா!

ஒத்தக்கியர்:
ஸ்பேனர்கை, அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்து காட்டுங்களேன்.

ஸ்பேனர்கை:
டயர்மண் எங்கிட்ட வரவே இல்ல. ரசீதைப் போட்டோ எடுத்துப் போடறேன், இருங்க.

டயர்மண்:
பேச்சை மாத்தாதீங்க. அண்ணே செயினை எப்ப அளந்தாரு?