புதுப்பிப்பு: உபுண்டு 24.04-க்கு மாறியதும் காணாமல் போன ஃபேன் வேகம் திரும்ப வந்துவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. என் கணினியை உபுண்டு 24.04-க்கு (லினக்ஸ் இயங்குதளம்) மாற்றியதும், வெப்பநிலையும் ஃபேன் வேகமும் காட்ட வேண்டிய சென்ஸார்ஸ் கட்டளை சிபியு வெப்பநிலையை மட்டும் காட்டுகிறது, கணினிக்குள் இருக்கும் ஃபேனின் வேகம் வரவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வேளச்சேரியில் மொட்டைமாடி அறை, ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் கணினி ஃபேன் அலறிக்கொண்டே இருந்தது.

கர்னல் வரியில் (பூட் ஆகும்போது லினக்ஸின் மையப் பகுதிக்குத் தரும் அமைப்புகள்) ஏசிபிஐ (வன்பொருளை நிர்வகிக்கும் ஏற்பாடு) கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சிலர் சொன்னதை நான் தொடவில்லை, அது கடைசி மருந்து. பலித்தது 'டிரைவரைக் கையால் ஏற்றிப் பாருங்க' என்ற யோசனைதான். டிரைவரை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையைக் கொடுத்து, மதர்போர்டின் சென்ஸார் சிப்புக்கான என்சிடி6775 டிரைவரை ஏற்றியதும் 'ஃபேன்2: 1934 ஆர்பிஎம்' என்று வந்து நின்றது. பூட் ஆகும்போது தானே ஏற, மாட்யூல்ஸ்-லோட்.டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் ஃபைல் போட்டு அந்தப் பெயரை மட்டும் எழுதினேன்.

எதிர்பாராதது: அதற்குப் பிறகும், வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகத்தை மாற்றும் ஃபேன்கன்ட்ரோல் நிரல் ஓட மறுத்தது. சென்ஸார் சிப்புக்கு லினக்ஸ் கொடுக்கும் பெயர் முன்பு ஹெச்டபிள்யூமான்2 என்று இருந்தது, இப்போது ஹெச்டபிள்யூமான்3 ஆகிவிட்டதால் பழைய கான்ஃபிக் செல்லவில்லை. அந்தக் கான்ஃபிக்கை உருவாக்கித் தரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டியதும் சரியானது. சோதனைக்காக அது ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தும், பயப்படாதீர்கள். எனக்கு அந்தச் சில நொடியில் வியர்த்துவிட்டது.